ஓஸ்லோ நோபல் அமைதி மையம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டிசம்பரில் நானும் அம்மாவும் ஓஸ்லோ போகிறோம். நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், 1872-இல் கட்டிய பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் நோபல் அமைதி மையத்தைப் பார்ப்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வரலாற்று ஆசிரியையாக இருந்தவர். அமைதிப் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய் நட்ட மரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இருட்டறையில் குட்டி விளக்குகளுக்கு நடுவே ஒவ்வொரு பரிசாளரின் முகமும் சிறு திரையில் ஒளிருமாமே, அங்கே நிதானமாக நிற்க முடியுமா? அவருக்கு முழங்கால் வலி வேறு. உட்கார இடமும் லிஃப்ட்டும் உண்டா? 1921-இல் நார்வேக்காரரான கிறிஸ்டியன் லாங்கே பெற்ற அமைதிப் பரிசின் அசல் பதக்கத்தையும் காட்ட வேண்டும். அப்புறம், டிசம்பர் 10 பரிசளிப்பையொட்டிப் புதுப் பரிசாளருக்கான கண்காட்சி தொடங்கும். அந்த வாரமே போகலாமா, கூட்டம் குறையட்டும் என்று சில நாள் தள்ளிப் போகலாமா?