2025-26 ஐஸ் ஹாக்கி: ரொறன்ரோவை எத்தனையாம் இடத்தில் வைப்பது?

கிளிநொச்சித் தம்பி:
வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-இன் அட்லாண்டிக் பிரிவிலுள்ள எட்டு அணிகளையும் வரிசைப்படுத்தி அனுப்பும்படி ஸ்காபரோவிலிருக்கும் மச்சான் கேட்கிறான். 2024-25 பருவத்தில் ரொறன்ரோ 108 புள்ளிகளோடு பிரிவில் முதலிடம். ஆனால் அந்த அணியில் தனியாளாக 102 புள்ளிகள் (வீரருக்கு, அடித்த கோலுக்கும் கோலடிக்க உதவியதற்கும் ஒவ்வொரு புள்ளி) எடுத்த மார்னர் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். இருந்தும் முதலிடத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை. 1967க்குப் பிறகு லீக்கின் ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொடாத அணி. அதிகாலை நாலரைக்கு எழுந்து பார்க்கிறேன்.

பரந்தன் அண்ணா:
பாசம் வேறு, கணக்கு வேறு தம்பி. நான் தாம்பாவைத்தான் முதலில் வைப்பேன். அந்தப் பருவத்தில் அவர்களின் குச்செரோவ் 121 புள்ளிகளோடு லீக்கின் வீரர்களிலேயே முதலிடம். ரொறன்ரோவுக்கு மூன்றாமிடம். 2024, 2025 இரு வருடமும் கிண்ணம் வென்ற புளோரிடாகூட 2024-25 பருவத்தில் பிரிவில் மூன்றாவதாகத்தான் வந்தது. கிண்ணத்தைப் பார்த்து வரிசை எழுதாதே.

முள்ளியவளை அக்கா:
மொன்றியலை இருவரும் மறந்துவிட்டீர்கள்! சிறந்த புதுமுக வீரர் விருது பெற்ற ஹட்சன் அங்கேதான் பின்களத்தில் ஆடுகிறார். அதைவிட முக்கியம், மேலதிக நேரத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. 82 ஆட்டங்களில் அந்த ஒற்றைப் புள்ளிகள்தான் நடுவிலுள்ள அணிகளைப் புரட்டிப்போடும். மொன்றியலுக்கு நான்காமிடம் கொடு தம்பி. பொஸ்ரன் கடைசியாகவே இருக்கட்டும்.

கிளிநொச்சித் தம்பி:
தாம்பா, புளோரிடா, ரொறன்ரோ, மொன்றியல் என்று அனுப்புகிறேன். ஒட்டாவாவை ஐந்தில் வைக்கவா?