பழைய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு: மொத்தமா மாத்தணுமா, ரிப்பேர் பண்ணா போதுமா?

ஈரத்தரை:
எல்லாருக்கும் வணக்கம். ஹால்ல இருந்து தோட்டத்துப் பக்கம் போற ரெண்டு ஷட்டர் (தள்ளுற கண்ணாடிப் பலகை) வச்ச ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு, பேட்டியோ டோர்னு சொல்றாங்களே அதுதான், வச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அலுமினியம் ஃபிரேம். இப்ப தள்ளுறதுக்கு கை மட்டும் போதல, தோளையும் குடுக்க வேண்டியிருக்கு, அம்மாவால திறக்கவே முடியல. மழை சாய்ச்சு அடிச்சா கீழ ட்ராக்ல தண்ணி நின்னு அப்படியே உள்ள தரைக்கு வந்துடுது. இது போக டபுள் கிளாஸ்ல ஒண்ணுக்குள்ள வெள்ளையா மூட்டம் போட்டிருக்கு, எந்தப் பக்கம் துடைச்சாலும் போகல.

பாக்க வந்த ஒருத்தர் எல்லாத்தையும் பேத்துட்டு யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் ஃபிரேம்) போடுங்கன்னார். இன்னொருத்தர் பழைய ஃபிரேம் இருக்கட்டும், அதுக்குள்ளயே புதுசை சொருகிடலாம், உடைக்கிற வேலையே இல்லன்னார். மச்சான் வீல் மட்டும் மாத்துங்கிறான். வீட்டம்மாவுக்கு ஃபோல்டிங் டோர் மேல ஆசை. மண்டை காயுது, வேலை தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.

பழைய ஆணி:
உங்க மச்சான் சொல்றதை முதல்ல கேளுங்க, அப்புறம் மத்தவங்களைப் பாக்கலாம் 😀

நீங்க சொன்னது மூணும் மூணு தனித்தனி வியாதி. இழுக்க முடியாதது வீல். ஷட்டருக்கு அடியில ரெண்டு ஓரத்துலயும் ரோலர் இருக்கும், பக்கவாட்டுல இல்லன்னா முன்னாடி ஒரு சின்ன ஓட்டை வழியா ஸ்க்ரூ தெரியும், அதைத் திருப்புனா ஷட்டர் ஏறும் இறங்கும். அதுல சரியாகலன்னா ஷட்டரை மேல தூக்கி அடிப்பக்கத்தை வெளிய இழுத்துக் கழட்டிப் பாருங்க. வீல் தட்டையா தேஞ்சிருந்தா மாத்தலாம், ஆனா ட்ராக்கையும் விரலால தடவிப் பாக்கணும், பள்ளம் விழுந்திருந்தா புது வீல் போட்டும் சீக்கிரமே பழைய கதைதான். அதுக்கு மேல மாட்டுற ஸ்டீல் பட்டை சில மாடலுக்குக் கிடைக்கும்.

தயவு செஞ்சு தனியா தூக்காதீங்க. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 1 மிமீ தடிமன்னா 2.5 கிலோ. 1.2 மீட்டர் அகலம் 2.1 மீட்டர் உயரம், 5 மிமீ கண்ணாடி ரெண்டுன்னு வைங்க, 63 கிலோ ஆச்சு, ஃபிரேம் எடை தனி. நான் ஒரு தடவை தைரியமா தூக்கிட்டு முதுகைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் படுத்திருந்தேன்.

மூட்டத்துக்குக் கதவு மாத்த வேணாம். ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஓரத்துல இருக்கிற பட்டைக்குள்ள ஈரம் உறிஞ்சுற குருணை இருக்கும், சீல் விட்டுப்போனா அது முழுக்க ஈரமாகி மிச்சம் கண்ணாடியில படியுது. அந்த கண்ணாடி யூனிட் மட்டும் அளவு எடுத்துப் புதுசா செஞ்சு மாட்டலாம். ஓட்டை போட்டு காய வைக்கிறேன்னு யாராவது வந்தா வேணாம்னுடுங்க, பாக்கத் தெளிவாகும், போன சீல் திரும்ப வராது.

சாரல்:
அண்ணா சொல்றது சரி, ஆனா இருபது வருஷ கதவுக்கு வீல், கண்ணாடி, ரப்பர், பிரஷ்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா கடைசியில புதுக் கதவு செலவு வந்து நிக்கும், அந்த மாடலுக்கு பார்ட்ஸும் கிடைக்கணுமே.

நான் எழுத வந்தது அந்த "உள்ளயே சொருகிடலாம்" விஷயத்துக்கு. அதைத்தான் நாங்க செஞ்சோம். உடைக்கல, தூசி இல்ல, ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது, ரொம்ப சந்தோஷம். அடுத்த மழைக்கு அதே இடத்துல தண்ணி. ஏன்னா தண்ணி வந்தது பழைய ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல, அதை அப்படியே விட்டுட்டு மேல புதுசைப் போர்த்தியிருக்கோம். போட்டவரைக் கூப்பிட்டா சிலிக்கானைப் பிதுக்கிட்டுப் போயிட்டார், அதுவும் வெளிப்பக்கம் தண்ணி போற ஓட்டைக்கு மேலயே! பத்தாததுக்கு திறக்கிற அகலம் குறைஞ்சு போச்சு, வாசப்படி உயரம் ஏறிடுச்சு, இப்ப எல்லாரும் தடுக்கி விழுறோம். வயசானவங்க இருக்கிற வீட்ல அந்த உயரத்தைக் கட்டாயம் யோசிங்க.

ரசமட்டம்:
தண்ணியைப் பத்தி யாரும் சோதிச்சுப் பாக்கச் சொல்லலையே. கதவைத் திறந்து வச்சு ட்ராக்ல ஒரு மக் தண்ணி ஊத்துங்க. ஸ்லைடிங்ல ட்ராக்குக்குத் தண்ணி வர்றது சகஜம், அது வெளிய போறதுக்குன்னே ஃபிரேமுக்கு வெளிப்பக்கம் அடியில சின்ன சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. தண்ணி அது வழியா இறங்கணும். நின்னா அடைச்சிருக்கு. வெளியவும் வராம ட்ராக்லயும் நிக்காம காணாமப் போனா ஃபிரேம் மூலை ஜாயின்ட் பிரிஞ்சிருக்கு, அப்ப ஃபிரேமை எடுக்கிறதுதான் வழி.

அளவும் நீங்களே ஒரு தடவை எடுத்து வச்சுக்கோங்க. அகலம் மேல நடுவுல கீழ, உயரம் இடது நடு வலது, எதுல கம்மியோ அதுதான் அளவு, அதுலயும் சுத்தி கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஃபிரேம் செய்வாங்க. மூலைக்கு மூலை குறுக்கயும் பிடிங்க, ரெண்டும் ஒண்ணா வரலன்னா ஓப்பனிங் கோணலா இருக்கு. டஃபன்டு கிளாஸை சூடு பண்ணி இறுக்கினதுக்கு அப்புறம் வெட்டவே முடியாது, அளவு தப்புனா தப்புனதுதான்.

யூபிவிசியா அலுமினியமான்னா, அலுமினியம் சூட்டை யூபிவிசியை விட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கடத்தும், அதனால நடுவுல சூட்டைத் தடுக்கிற பாலிஅமைடு (ஒரு வகை பிளாஸ்டிக்) பட்டை வச்ச அலுமினியம்னு கேளுங்க, சாதா அலுமினியம் வேணாம். யூபிவிசிக்கு வேற குணம், வெயில்ல அலுமினியத்தை விட மூணு மடங்கு விரியும், பெரிய ஷட்டர்னா உள்ள ஸ்டீல் கம்பி வச்சிருக்காங்களான்னு வெட்டுன துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்க. என்னைக் கேட்டா அகலமான ஓப்பனிங்குக்கு அலுமினியம்தான்.

ஃபோல்டிங் அழகுதான், மறுக்கல. ஆனா எத்தனை மடிப்போ அத்தனை ரப்பர், அத்தனை கீல். மேல தொங்குற மாதிரின்னா மொத்த எடையும் லிண்டல் (கதவுக்கு மேல சுவரைத் தாங்குற உத்தரம்) மேல, அது லேசா தொய்ஞ்சாலும் கதவு சிக்கும். சாய்ச்சு மழை அடிக்கிற பக்கம் நான் போட மாட்டேன்.

ஈரத்தரை:
நேத்து மச்சானை வச்சே கழட்டிப் பாத்தோம் (இனிமே அவனைப் பிடிக்க முடியாது). வீல் ரெண்டும் ஒரு பக்கம் சப்பையா இருக்கு, ட்ராக்லயும் நல்லா பள்ளம். குறுக்களவு 11 மிமீ வித்தியாசம் வருது.

ஆனா தண்ணி விஷயம்தான் கூத்து. ஒரு மக் ஊத்துனோம், அப்படியே நிக்குது. வெளிய போய் ஓட்டையைத் தேடுனா ஓட்டையே இல்ல! அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அஞ்சு வருஷம் முன்னாடி வெளிய பழைய தரை மேலயே புது டைல்ஸ் ஒட்டுனோம், அது ஃபிரேமோட பாதி உயரத்துக்கு ஏறி ஓட்டையை எல்லாம் சாந்து வச்சு மூடியிருக்கு. தண்ணி உள்ள வர ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான். பாக்க வந்த ரெண்டு பேருமே இதைக் கவனிக்கல.

ரசமட்டம்:
அப்ப எந்தக் கதவு போட்டிருந்தாலும் நனைஞ்சிருப்பீங்க. கதவுக்கு ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி கொத்தனாரைக் கூப்பிடுங்க. கதவை ஒட்டி ஒரு வரிசை டைல்ஸை வெட்டி எடுத்து, அந்த நீளத்துக்குக் காவா விட்டு மேல ஜாலி மூடி போட்டுக்கலாம், தண்ணி தோட்டத்துப் பக்கம் போற மாதிரி வாட்டம் இருக்கணும்.

வீலும் ட்ராக்கும் சேந்து போனதால, ஃபிரேமோட மாத்துறதுதான் சரி, இதுல சாரல் பக்கம்தான் நானும். 11 மிமீ கோணலை ஃபிரேமை இழுத்து வளைச்சு சரிக்கட்ட விடாதீங்க, ஃபிரேம் ரசமட்டத்துக்கு நேரா நிக்கணும், சந்து ஒரு பக்கம் அதிகமா வந்தா கட்டை குடுத்துப் பூசிக்கலாம். சந்தை அடைக்க ஃபோம் அடிக்கும்போது கம்மியா விரியுற வகையான்னு பாருங்க, நிறைய அடிச்சா காயும்போது ஃபிரேமையே உள்ள தள்ளி வயிறு வைக்கும், அப்புறம் புதுக் கதவுக்கும் தோளைத்தான் குடுக்கணும்.

பழைய ஆணி:
ஷட்டரை அவ்ளோ ஈசியா தூக்கிக் கழட்ட முடிஞ்சுதுல்ல, வெளிய இருந்து திருடனும் அதையேதான் செய்வான். புதுசுல மேல ட்ராக்ல தூக்க விடாத தடுப்புக் கட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க.

ஈரத்தரை:
அட, அது வேறயா! கொத்தனார் ஞாயித்துக்கிழமை வர்றார். அதுவரைக்கும் ட்ராக்ல பழைய துணிதான். ஃபோல்டிங் இல்லன்னு வீட்ல இன்னும் சொல்லல.