போயாவில் நிற்கும் படகுக்குப் போக ஒரு டிங்கி: மலிவாகக் கிடைத்த கதை இருந்தால் சொல்லுங்கள்

புதுப்பாய், திருவான்மியூர்

நண்பர்கள் சேர்ந்து 22 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். அடியில் கீல் (படகைச் சாயாமல் பிடிக்கும் அடித்தண்டு) இறங்கியிருப்பதால் கரையை ஒட்டிக் கொண்டுவர முடியாது. துறைமுகத்துக்குள் ஆழமான இடமாகப் பார்த்து போயாவில், அதாவது நங்கூரமிட்ட மிதவையில், கட்டியிருக்கிறோம். விற்றவர் நல்ல மனிதர். பாய், கயிறு, நங்கூரம், ஓட்டை வாளி வரைக்கும் பட்டியல் போட்டு ஒப்படைத்தார். கரையிலிருந்து படகுக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியை மட்டும் தரவில்லை. "அதையும் குடுத்துட்டா என் அடுத்த படகுக்கு நான் எப்படிப் போறது?" என்றார். நியாயம்தான்.

ஆக, படகு இருக்கிறது, போக வழியில்லை. போட்மேன் அண்ணன் கை ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, "அண்ணே, ஒரே ஒரு டிரிப்" என்று கேட்டுப் போய் வந்துகொண்டிருக்கிறோம். அவரும் எத்தனை நாள்தான் சிரித்த முகமாக வருவார்?

எனக்கு வேண்டியது பாய் கட்டிப் பந்தயம் ஓட்டும் டிங்கி இல்லை. எட்டடிக்குள், துடுப்பு போடுகிற மாதிரி, மூன்று பேரும் சாப்பாட்டுப் பையும் ஏறினால் போதும். வெளிநாட்டுக் கடைகளில் விலை பார்த்தபோது பரவாயில்லை என்றுதான் இருந்தது. கப்பல் வாடகை, சுங்க வரி எல்லாம் சேர்த்துக் கேட்டபோது படகுக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் தொட்டது.

இன்னொரு ஆசையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூருக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு, டிங்கியில் கரைக்கு வந்து டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பணும். நடக்குமா?

இசிஆர் காற்று, கோவளம்

டிபன் கதையைப் பெரியவர்கள் யாராவது பார்த்துக்கொள்வார்கள். நான் ரப்பர் படகு பற்றி மட்டும் சொல்கிறேன்.

காற்றடிக்கும் படகு முதல் பார்வையில் மனசைக் கவரும். மடித்தால் கார் டிக்கியில் போய்விடும், துறைமுகத்தில் வைக்க இடம் தேட வேண்டாம். நானும் அதற்காகத்தான் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பிவிசி துணி, பசை போட்டு ஒட்டின மூட்டு. முதல் கோடையிலேயே மூட்டு ஓரங்களில் பசை பிசுபிசுவென்று வெளியே வந்தது. விற்ற கடைக்குப் படம் அனுப்பினேன், "நிழலில் வைத்துப் பயன்படுத்தவும்" என்று பதில் வந்தது. கடலில் நிழலுக்கு எங்கே போவது?

வெயிலைத் தாங்கும் துணியும் இருக்கிறது, ஹைபலான் என்பார்கள். வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதன் விலைக்குப் பேசாமல் பழைய பைக்கே வாங்கிவிடலாம். பிவிசிதான் முடியும் என்றால் மூட்டை வெல்டிங் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் காற்றை இறுக்கி அடித்துவிட்டு மதியம் வெயிலில் போடாதீர்கள். உள்ளே காற்று விரிந்து மூட்டைத்தான் முதலில் இழுக்கும். கொஞ்சம் திறந்துவிட்டு வைக்கணும்.

துறைமுகத்தில் இன்னொரு தொல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் சிப்பி ஒவ்வொன்றும் பிளேடு. ஒருமுறை உரசினால் போதும்.

காசிமேட்டு ஓரம், ராயபுரம்

ரப்பரை விட்டுத்தள்ளுங்கள். கடற்கரையில் பைபர் வேலை செய்பவர்களைப் போய்ப் பாருங்கள்.

நான் முதலில் போனது ஏப்ரல் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இல்லையா, வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட ரிப்பேர் எல்லாம் அப்போதுதான் நடக்கும். மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஜூன் தாண்டி வா சார். இப்ப உன் தொட்டிய யாரு செய்வா?" என்றார். கடைசி வரைக்கும் அதைத் தொட்டி என்றுதான் சொன்னார்.

ஜூலையில் போனபோது டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். இதில் பெரிய செலவே அச்சுதான். புதிதாகச் செய்யச் சொன்னால் அந்தக் காசில் இரண்டு டிங்கி வாங்கலாம். யாரோ ரிசார்ட்காரருக்குச் செய்து கொடுத்த துடுப்புப் படகின் அச்சு ஒன்று அவருடைய ஷெட் கூரைமேல் கவிழ்ந்து கிடந்தது. எட்டடிக்கு ஒரு சாண் குறைவு. அதிலேயே போடுவது என்று முடிவானது.

அப்புறம் கனத்தில் சண்டை. மீன்பிடி பைபருக்குப் போடுகிற கனத்தில்தான் போடுவேன் என்று அவர் நின்றார். மணலில் இழுக்கணும், அலையில் இறங்கணும், அதற்கு அந்தக் கனம் சரி. என் டிங்கியை இரண்டு பேர் தூக்கிச் சுவர்மேல் வைக்கணும். அரைநாள் பேசி ஒருவழியாகப் பக்கவாட்டில் மெல்லியதாகவும், அடியிலும் அணியத்திலும் (முன்பக்கம்) ஒரு மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, கூடுதலாகவும் போடுவது என்று ஒத்துக்கொண்டார். முடிந்தபோது 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. காசு 30,000 ரூபாயை ஒட்டி வந்தது, துடுப்பு சேராமல்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு அடித்து, அதன்மேல் மேட் விரித்து ரெசினை பிரஷ்ஷால் குத்திக் குத்தி இறக்குவார்கள். மேட்டில் எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே ரெசின் ஊறவில்லை, காற்று நிற்கிறது. ரோலர் போட்டு அப்போதே எடுத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ரெசினை இறுக வைக்கச் சேர்ப்பவை இரண்டு: கேட்டலிஸ்ட் பாட்டிலை ஒரு மூலையிலும் கோபால்ட் பாட்டிலை எதிர் மூலையிலும் வைத்திருந்தார். இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். பையன் ஒருவன் இரண்டையும் ஒரே தட்டில் எடுத்து வந்ததற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

கவிழ்ந்தாலும் மிதக்கணும் என்று உட்காரும் பலகைக்கு அடியில் தெர்மாகோல் வைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். ஒரு துண்டை எடுத்து அதன்மேல் ரெசின் இரண்டு சொட்டு விட்டார். கண் முன்னாடியே குழிந்து கரைந்து போனது. "இத்த உள்ள வச்சி மூடுனா வெறும் பொந்துதான் சார் இருக்கும்." பிளாஸ்டிக் ஷீட்டில் இறுக்கிச் சுற்றித்தான் கடைசியில் வைத்தார்.

மொட்டைமாடித் தச்சன், அம்பத்தூர்

ஆள் பிடிக்கிற பாடு வேண்டாம் என்றால் நீங்களே கட்டலாம். 1962-இல் இங்கிலாந்தில் வடிவமைத்த மிரர் டிங்கியால் பிரபலமான வழிதான்: பிளைவுட்டை வெட்டி, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் பைபர் நாடாவை ஒட்டிவிடுவது. நான் கம்பிக்குப் பதில் கேபிள் டை போட்டேன். எட்டடி டிங்கிக்கு 8க்கு 4 ஷீட் இரண்டு போதும்.

ஷீட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மரைன் பிளை. முத்திரை போட்டும் சந்தேகம் போகவில்லை என்றால் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்க வையுங்கள். நிஜமான சரக்கு பிரியாது. நான் இட்லிப் பாத்திரத்தில் வேகவைத்தேன். பிளை பிரியவில்லை, அம்மா அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலறைக்குள் விடவும் இல்லை. நம் ஊர் மரைன் பிளை கனம்தான், 6 மில்லி ஷீட் ஒன்றே 13 கிலோ பக்கம் வரும்.

எபாக்ஸியைக் கப்பில் மொத்தமாகக் கலக்காதீர்கள். சென்னை வெயிலில் கப்புக்குள்ளேயே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். அகலமான தட்டில், கையளவு கலந்து, காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அக்டோபர் மழை ஆரம்பித்த பிறகு இந்த வேலையைத் தொடவே வேண்டாம், ஈரத்தில் மேலே பிசுக்கு படியும்.

மலிவா என்றால், பொருள் மலிவு. ஆனால் மாடியிலிருந்து இறக்க ஆறு பேருக்கு பிரியாணி.

பழைய கை, ஜார்ஜ் டவுன்

தம்பி, முதலில் அந்த டிபன் ஆசையை விடுங்கள். துறைமுகம் கட்டுமுன் மெட்ராசில் கப்பல்கள் வெளிக்கடலில்தான் நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாவில். ஆணி இல்லாமல், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு. அலை தூக்கி அடித்தாலும் வளைந்து கொடுக்கும் என்பதற்காகவே அப்படி. ஓட்டுபவர்களோ பிறந்ததிலிருந்து அந்த அலையைப் பார்த்தவர்கள், அப்படியும் கவிழ்ந்திருக்கிறது. கட்டி முடிக்கப்போகிற நேரத்தில் துறைமுகத்தையே 1881 புயல் உடைத்துப் போட்ட கடல் இது. எட்டடித் தொட்டியில் இரண்டாவது அலையிலேயே குறுக்கே திரும்பிவிடுவீர்கள். துறைமுகத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போங்கள், திறந்த கரைக்கு வேண்டாம்.

டிங்கி விஷயத்தில் யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. பழைய ஆப்டிமிஸ்ட். 1947-இல் பிளாரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் குழந்தைகளுக்கு மலிவாக இருக்கட்டும் என்று வரைந்த பெட்டிப் படகு. நீளம் 2.3 மீட்டர், உடல் 35 கிலோ. போட்டியில் 15 வயது வரைதான் ஓட்டலாம், அதனால் பிள்ளைகள் வளர வளர படகு மூலையில் கவிழ்ந்து கிடக்கும். பந்தயத்துக்கு ஆகாத கிழடு ஒன்றைக் கேட்டால் பேசி வாங்கலாம். பாய் கிழிந்திருந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது, விலை இறங்கும்.

வாங்குமுன் நாணயத்தால் அடிப்பாகம் முழுக்கத் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீரென்று வரவேண்டும். ஓர் இடத்தில் சத்தம் செத்துப்போனால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. தூக்கிப் பாருங்கள், சொன்ன எடையைவிடக் கனத்தால் எங்கோ தண்ணீர் குடித்திருக்கிறது. மிதவைப் பைகளை ஊதி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். நடுவில் அடிப்பலகை (டாகர்போர்டு) இறங்கும் சந்துக்கு ஒரு கட்டை செய்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு இழுவைப் படகு போகும்போதும் அதன் வழியே தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

குறையும் உண்டு. துடுப்பு போடும்போது நேராகப் போகாது. பெரியவர்கள் இரண்டு பேர்தான், மூன்றாவது ஆள் அடுத்த நடைக்கு.

எதை வாங்கினாலும் தண்ணீரிலேயே விட்டுவிடாதீர்கள். நம் துறைமுகத் தண்ணீரில் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுப்பிராணி) பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. தூக்கிக் கவிழ்த்து வைக்க முடியாத டிங்கி எவ்வளவு மலிவானாலும் உங்களுக்கு ஆகாது.

புதுப்பாய், திருவான்மியூர்

எல்லோருக்கும் நன்றி. டிபன் திட்டம் கைவிடப்பட்டது, வீட்டில் அதற்கு ஏக சந்தோஷம்.

ஆப்டிமிஸ்ட் ஒன்றை நேற்று பார்த்தேன். தட்டினால் அமரத்துப் பக்கம் (பின்பக்கம்) சத்தம் செத்துத்தான் இருந்தது. அதோடு நாங்கள் மூன்று பேரும் உடம்பில் கொஞ்சம் தாராளம். அதனால் பைபர்தான். ஓட்டை விழுந்தாலும் இதே ஊரில் பத்து ரூபாய் மேட், ஒரு டப்பா ரெசினில் சரி செய்ய ஆள் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய தைரியம். ராயபுரத்து அண்ணே, அந்த மேஸ்திரி இன்னும் செய்கிறாரா? துடுப்புக்கு என்ன செய்தீர்கள்?

காசிமேட்டு ஓரம், ராயபுரம்

செய்கிறார். அச்சும் கூரைமேல்தான் இருக்கிறது. உள்பெட்டியில் இடம் சொல்கிறேன். துடுப்பு மாட்டும் இடத்தில் உள்பக்கம் மரக்கட்டை வைத்து மேட் போடச் சொல்லுங்கள், வெறும் பைபரில் போல்ட் போட்டால் ஆடி ஆடிப் பிய்த்துக்கொள்ளும். கயிறு, ஷாக்கிள் எல்லாம் மண்ணடிக் கடைகளிலேயே கிடைக்கும். துடுப்பு ஆறடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் லைப் ஜாக்கெட்டுக்குக் காசு எடுத்து வைத்துவிட்டு மீதியில் பேரம் பேசுங்கள். இன்னொன்று, துறைமுகக் கேட்டில் ஆளுக்குப் பாஸ் இருந்தால் மட்டும் போதாது. டிங்கியை உள்ளே கொண்டுபோக உங்கள் படகு கிளப்பிலிருந்து கடிதம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டாடா ஏஸ்காரர் காத்திருக்கும் நேரத்துக்கும் வாடகை கேட்பார்.