விளக்கு மங்கினதை இன்னொருத்தரும் கண்டார்

உவர்மலையிலிருந்து:
சந்தேகக்காரப் புருஷன் வாற ரிவி நாடகங்கள் கனக்கப் பார்த்திருக்கிறன். ஆனா என்னை உலுப்பினது ரிவியில போன ஒரு பழைய படம், 1944 இல வந்த 'காஸ்லைற்'. பற்றிக் ஹமில்ரன் 1938 இல எழுதின மேடை நாடகம்தான் அதுக்கு மூலம். லண்டனில ஒரு வீடு. புருஷன் சாமான்களை ஒளிச்சு வைச்சிட்டு, "நீதான் துலைச்சனி" எண்டு மனிசியை நம்ப வைக்கிறான். இரவில களவா மேல்தட்டுக்குப் போய் அவன் காஸ் விளக்கைக் கொளுத்தேக்க, கீழ அவளின்ர அறை விளக்கு மங்கும். பக்கத்து வீட்டில தண்ணி மோட்டர் போட்டா எங்கட பல்ப் மங்கிற மாதிரித்தான். தான் மட்டும் காணுறதால தனக்கு விசர் எண்டு அவள் நினைக்கிறாள். கடைசியில ஒரு பொலிஸ் அதிகாரியும் அதைக் காண்கிறார். அவள் முகத்தில வாற ஆறுதலைப் பார்த்து நான் குழறி அழுதிட்டன்.

அன்புவழிபுரத்திலிருந்து:
அக்கா, எனக்கு அது படமில்லை. கடைக்குப் போய்வரக் கொஞ்சம் பிந்தினா "ஆரோட நிண்டு கதைச்சனி?" ஃபோனைப் பறிச்சுப் பார்ப்பார். அலுமாரிச் சாவி காணாமப் போகும், பிறகு நான் தேடின இடத்திலேயே கிடக்கும். "உனக்கு மூளை பிசகிப்போச்சு" எண்டுவார். மாமியார் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டிவிட்டா. நானும் நம்பிட்டன். ஒருநாள் எதிர்வீட்டு அன்ரி மெதுவாச் சொன்னா: "பிள்ளை, அவன் சாவியை பைக் சீற்றுக்குக் கீழ வைக்கிறதை நான் கண்டனான்." அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது. ஆனா இன்னும் அதே வீட்டிலதான் இருக்கிறன். அடிக்கேல்லைத்தானே, ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?

உப்புவெளியிலிருந்து:
தங்கச்சி, அடிச்சாத்தான் முறைப்பாடு எண்டில்லை. இலங்கையின்ர 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில மனரீதியான கொடுமையும் அடங்கும். அவர் உங்களை வதைக்கக் கூடாது எண்டு தடுக்கிற பாதுகாப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தில கேக்கலாம். உங்களுக்காகப் பொலிசும் விண்ணப்பிக்கலாம். முதலில கதைச்சுப் பார்க்க 1938 எண்ட மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கு. எங்கட நாடகங்களில எனக்குக் கோவம் வாறதே இந்த இடத்திலதான்: நூறு நாள் வதைப்பான், கடைசிக் கிழமை அழுவான், அவளும் மன்னிச்சிடுவாள். நீதிமன்றம் எண்ட பேச்சே வராது.

அந்த அன்ரி கண்டதைச் சொல்லச் சம்மதிப்பாவா? கேட்டுப் பாருங்கோ. போகேக்க அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.