உறைபனிப் பாடம்: சென்சார் முதலிலா, தகர டப்பா முதலிலா?

(பிள்ளைகளுக்கு உறைபனியை எதிலிருந்து தொடங்கிச் சொல்லித்தருவது என்று அளவுகோல், தகரடப்பா, மின்சுற்று என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

அளவுகோல்:
குளிர்கால வானிலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர சென்சாரும் புரொஜெக்டரும் கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி. சோதனைக்குழாயில் 10 மி.லி. தண்ணீர், அதற்குள் வெப்பநிலை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார், சுற்றிலும் ஐஸ்-உப்புக் கலவை. 5 விநாடிக்கு ஓர் அளவீடு. திரையில் வெப்பநிலைக் கோடு விறுவிறுவென இறங்கி 0 டிகிரியில் படுத்துக்கொள்ளும். கிராமுக்கு 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளியேறி முடியும்வரை அசையாது. அதே வெப்பத்தைத் திரும்ப வாங்கினால்தான் உருகும் என்பதால், குவிந்த பனி ஒரே வெயிலில் கரையாததன் காரணமும் அதிலேயே இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

தகரடப்பா:
திரையில் தொடங்கினால் பிள்ளைகள் கோட்டைத்தான் பார்ப்பார்கள், பனியை அல்ல. லேபிள் உரித்த இரண்டு டப்பா எடுங்கள். ஒன்றில் 300 கிராம் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும். மற்றதில் அதே அளவு ஐஸோடு 100 கிராம் தூள் உப்பு. முதல் டப்பாவின் வெளியே நீர்த்துளி மட்டும்தான். இரண்டாவதில் கலவை எட்டும் உயரம்வரை வெள்ளைப் படிவு, அதற்கு மேலே துளிகள். பனித்துளியும் உறைபனியும் ஒரே சுவரில்! லென்ஸோடு பார்க்கட்டும். தொட வேண்டாம், ஈரவிரல் ஒட்டிக்கொள்ளும்.

கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. ஈரப்பதம் அதிகமான அறையில் முதலில் துளி படிந்து, அதுவே கண்ணாடிபோல உறைந்துவிடும். அது உறைபனி அல்ல. சுவர் 0-க்குக் கீழே போனதும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு படிவதுதான் நீராவியிலிருந்து நேரே வந்த படிகம்.

அளவுகோல்:
0-க்குக் கீழே போனது எப்படித் தெரியும்? அதற்கும் தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டுமே.

தகரடப்பா:
பளபளக்கும் தகரத்தில் அது பெரும்பாலும் அறையின் வெப்பத்தைத்தான் காட்டும்.

மின்சுற்று:
கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதை நோக்கிப் பிடித்தால் சரியாக வரும்.

சென்சார் வாங்குவோருக்கு: டிஎச்டி11 என்ற வெப்ப-ஈரப்பத சென்சார் வேண்டாம், பெரும்பாலும் 0-க்குக் கீழே அளக்காது. மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையில் உள்ளமைந்த சென்சார் பிராசஸரின் சூட்டையே அளக்கிறது. டிஎஸ்18பி20-க்கு டேட்டா வயருக்கும் பவர் வயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். இணைப்பு விட்டுப்போனால், சென்சாரைப் படிக்கும் ஆர்டுயினோ பலகையில் −127 என்று வரும். ஐஸ்-உப்புக் கலவை −21-க்குக் கீழே போகவே முடியாது என்று முன்பே சொல்லிவைத்தால், அந்த எண் பிழை என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். ஐஸில் இறுகிய சென்சாரைப் பிடித்து இழுக்காதீர்கள், உருகட்டும்.

தகரடப்பா:
அப்படியென்றாலும் வரிசை முக்கியம். டப்பா முதலில். பிறகு, தண்ணீர் உறையும்போது கோடு எப்படிப் போகும் என்று ஒவ்வொருவரும் கிராஃப் தாளில் வரையட்டும். அதுவரை புரொஜெக்டர் அணைந்தே இருக்கட்டும்.

அளவுகோல்:
வரையச் சொல்வது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மீக்குளிர்வுக்குத் திரை உடனுக்குடன் ஓட வேண்டும். சுத்தமான குழாயில் வாலைவடிநீர், உப்பைக் குறைத்து −8 அருகே வைத்த கலவை, குழாயை ஆட்டக்கூடாது. 0-வைத் தாண்டி −3, −4 என்று இறங்கும்போதும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஒரு துணுக்கு ஐஸ் போட்டால் கோடு சட்டென 0-க்கு எகிறும். உறைமழைத் துளி கிளையில் பட்டதும் இறுகுவது இப்படித்தான். அந்தத் தாவலைப் பிறகு ரெக்கார்டிங்கில் காட்டினால், ஐஸ் போட்ட கைக்கும் எகிறிய கோட்டுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்குப் பிடிபடாது.