மறு: வீட்டுத் திசைவி – விசிறியிலியா, தானாறியா?

வணக்கம்.

கையேட்டின் 2ஆம் அத்தியாயத்தை ஞாயிறு இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். வீட்டுத் திசைவிக்கு (ரவுட்டர்) எந்தப் பெட்டியை எடுப்பது என்பதுதான் அதன் பொருள். திசைவி, வன்பொருள் என்ற இரண்டு சொற்களிலும் நமக்குள் சண்டை இல்லை. விசிறி இல்லாமல் ஓடுவதற்கும் மின்சாரம் குறைவாக இழுப்பதற்கும் இந்தக் குழுவில் தமிழ்ச் சொல் கேட்டேன். 40 மடல் ஆகிவிட்டது.

> குறைமின் திசைவி என்று வைத்துவிடலாமே.

வேண்டாம் ஐயா. வம்மின், கேண்மின் என்று படித்த காதுக்கு அது ‘எல்லோரும் குறையுங்கள்’ என்னும் ஏவல். மற்றவர்களுக்கோ குறைந்த மின்னழுத்தம் என்று படும். அது வேறு சங்கதி. 10 வாட் பெட்டி ஆண்டு முழுக்க ஓடினால் 87.6 யூனிட். அதே வேலைக்குப் பழைய மேசைக்கணினி 60 வாட் இழுத்தால் 525.6. நாம் சொல்ல வந்தது இதைத்தான். ‘மின்சிக்கன’ என்றால் யாருக்கும் புரியும்.

> கம்பியிலி, ஏதிலி வரிசையில் விசிறியிலி. இலக்கணம் சுத்தம்.

சுத்தம்தான். ஆனால் சூடு எப்படிப் போகிறது என்று அது சொல்லவில்லையே! என் பழைய பெட்டியின் விசிறி இரவெல்லாம் கரகரக்கும்; திறந்தால் றெக்கையில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. இப்போதிருப்பதில் சில்லின் (சிப்) மேல் வெப்பம் கடத்தும் பசை, அதன் மேல் அலுமினிய மூடி, மூடி முழுக்கச் சீப்புப் பல் போல வரிகள். கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். உடம்பாலேயே ஆறிக்கொள்கிறது. அதனால்தான் தானியங்கி போலத் ‘தானாறி’ என்றேன். பால் ஆறும், புண் ஆறும். சூடு தணிய இதைவிட நல்ல வினை நம்மிடம் இல்லை. விசிறி இல்லை என்று மட்டும் படித்தவர் பெட்டியை அலமாரிக்குள் அடைத்துவிடுவார். தானாறி என்று படித்தவர் அது ஆற இடம் விடுவார்.

> வாய்விட்டுச் சொன்னால் ‘நாறி’ என்று கேட்கிறது.

எழுத்தில் னகரம், பேச்சில் ‘ன’, ‘ந’ இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து கிளம்பிய 11 மடல்களையும் படித்தேன். குறள் 1113இல் ‘வெறிநாற்றம்’ காதலியின் நறுமணம் என்பதும் சரிதான். அந்தச் சொல் எப்போது கெட்ட வாடைக்கு இறங்கியது என்று தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். கையேட்டோடு உட்காரும் மாணவருக்கு அது உதவாது.

> ஆலவட்டமிலி?

விசிறியே ‘விசிறு’வில் பிறந்த நல்ல தமிழ், அம்மா. அதை விட்டுப் போக வேண்டியதில்லை.

எண்ணியதில் 7 பேர் விசிறியிலி, 3 பேர் தானாறி, ஒருவர் ‘ஃபேன்லெஸ் என்றே விடுங்கள்’. சரி, விசிறியிலி என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘தன் மூடியாலேயே சூடாறும் பெட்டி, மேலே எதையும் அடுக்காதீர்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதை யாரும் எடுக்கச் சொல்லாதீர்கள். சொற்பட்டியலில் தானாறியும் மாற்றுச் சொல்லாக இருக்கட்டும்.