முல்ஹோலண்ட் டிரைவ்: மலையகத்தில் பார்த்தவர்கள் சொல்வது

பண்டாரவளை

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2025 ஜனவரியில் காலமான பிறகு, அவருடைய 'முல்ஹோலண்ட் டிரைவ்' படத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். 2001இல் வந்த படம். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முடிந்ததும் அண்ணன், "நடுவில் வேறு படத்தைச் சேர்த்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அண்ணி மட்டும் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பிள்ளையை யாராவது ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். கதை புரிந்ததா என்றால், புரியவில்லை என்கிறார். புரியாத கதைக்கு இப்படி ஒரு கேள்வி எங்கிருந்து வருகிறது? பார்த்தவர்கள் எழுதுங்கள். எது கனவு, எது நனவு என்ற விளக்கம் வேண்டாம், அதற்குப் பஞ்சமில்லை. பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

ஹட்டன்

என்னைப் பிடித்தது பயம்தான். அதுவும் பட்டப்பகல் காட்சியில். உணவகத்தில் ஒருவன் தான் கண்ட கெட்ட கனவை நண்பனிடம் சொல்கிறான். கனவில் வருவதும் இதே உணவகம்தான். பின்பக்கச் சுவருக்கு அப்பால் ஓர் ஆள் நிற்கிறான். அந்த முகத்தை வெளியில் எங்கும் பார்க்க நேரக் கூடாது என்கிறான். வா, போய்ப் பார்ப்போம் என்று நண்பன் அழைத்துப் போகிறான். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. வெயில் அடிக்கிறது. கமரா மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் லேசாக மிதந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும், அந்த முகம் சுவரோரத்தில் வெளிப்பட்டபோது கையிலிருந்த தேநீரைப் பாயில் கொட்டிவிட்டேன். "உச்சி நேரத்தில் ஆற்றுப் பக்கம் தனியாகப் போகாதே" என்று அப்பாயி சொன்னால் நாங்கள் சிரிப்போம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. அப்பாயிக்கும் லிஞ்சுக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் லயத்தில் குழாயடி வீட்டுக்குப் பின்புறம். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

நுவரெலியா

எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தொடராக எடுக்கத் தொடங்கியது இது; முதல் பாகத்தைப் பார்த்த அலைவரிசை 1999இல் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. பிறகு பிரான்சிலிருந்து பணம் வர, மேலும் காட்சிகள் எடுத்துப் படமாக்கினார். ஒட்டுப் போட்ட இடம் நன்றாகவே தெரிகிறது. ராபர்ட் ஃபார்ஸ்டர் துப்பறியும் அதிகாரியாக வருகிறார், கார் விபத்து நடந்த இடத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார், அதன்பின் ஆளே இல்லை. 2016இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் விமர்சகர்கள் இதைத்தான் இந்த நூற்றாண்டின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கட்டும். நான் ரசித்தது ஒன்றே ஒன்று: இசையமைப்பாளர் ஏஞ்சலோ படலமென்டியே ரவுடிக் கும்பல்காரராக நடித்து, காப்பி சரியில்லை என்று துணியில் துப்புகிற காட்சி.

தலவாக்கலை

பண்டாரவளை அண்ணியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்புக்குப் போனவள் நான். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. கொட்டாஞ்சேனையில் பல பெண்கள் சேர்ந்திருந்த ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் பேசுவேன். அந்தப் பேச்சில் நான் கணக்கு எழுதுகிற பிள்ளை. முதலாளியம்மா என்னை மகள் மாதிரி வைத்திருக்கிறார். அறையில் நல்ல காற்று, சன்னலைத் திறந்தால் கடல். பேசி முடியும்வரை அந்த அறை எனக்கே அப்படித்தான் தெரியும்.

நவோமி வாட்ஸ் பெட்டி என்ற பெண்ணாக லொஸ் ஏஞ்சலிஸில் வந்து இறங்கும்போது முகத்தில் அதே வெளிச்சம். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளுக்கு நல்லவர்கள். அத்தை படப்பிடிப்புக்காகக் கனடா போயிருக்கிறார். வீடு இவளுக்காகத் திறந்திருக்கிறது. நினைவு தப்பிய அழகான பெண்ணொருத்திக்கு இவளை விட்டால் துணையில்லை. பிற்பகுதியில் அதே நடிகை டயன் என்ற பெயரில், அழுக்கு மேலங்கியோடு தனியாகக் காப்பி போடுகிறாள். விருந்தில் ஒரு பெரிய அம்மாள் விசாரிக்கிறார். கனடாவில் டீப் ரிவர் என்ற ஊரிலிருந்து வந்ததையும், நடனப் போட்டியில் வென்றதையும், அத்தை இறந்தபோது விட்டுப்போன பணத்தையும் சொல்கிறாள். அந்த அம்மாள் அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுக்கிறார்.

எனக்கு நெஞ்சடைத்தது அங்கேதான். என்னையும் தட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "தோட்டமா?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தணித்துக்கொள்கிற நல்ல மனிதர்கள். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

முற்பகுதி டயன் காண்கிற கனவு; செத்துப்போன அத்தை அந்தக் கனவில் வெளியூர் மட்டுமே போயிருக்கிறார், கவனித்தீர்களா? அண்ணியிடம் சொல்லுங்கள்: கூட்டிப்போக ஆள் வந்திருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். ஊருக்குச் சொல்லி வைத்த கதை வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அம்மாவுக்குக் கால் முறிந்ததால்தான் நான் திரும்பி வர முடிந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கண்டி

இந்தப் படத்தின் டிவிடியோடு லிஞ்ச் 10 குறிப்புகள் கொடுத்தார். சிவப்பு விளக்குமூடி எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்கச் சொல்வது அவற்றில் ஒன்று. கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். கணக்குப் பரீட்சை போலிருந்தது. நடிப்புத் தேர்வுக் காட்சி வந்ததும் கொப்பியை மூடிவிட்டேன். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது பெட்டி அந்த மட்டமான வசனத்தைக் கத்திப் பேசிவிட்டுச் சிரிக்கிறாள். தேர்வில், தகப்பன் வயது நடிகரின் கன்னத்தோடு ஒட்டி நின்று அதையே மூச்சுக்காற்றாக விடுகிறாள். வசனம் அதேதான், கேட்கிற நமக்குத்தான் வியர்க்கிறது.

புசல்லாவை

சிலென்சியோ அரங்கைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மேடையில் ஒருவர் நின்று, வாத்தியக்குழு கிடையாது, எல்லாம் ஒலிப்பதிவு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஊதுகுழல்காரர் கருவியை வாயிலிருந்து எடுத்த பிறகும் இசை நிற்கவில்லை. இவ்வளவும் காட்டிய பிறகு ரெபெக்கா டெல் ரியோ வந்து ஸ்பானிய மொழியில் ஒரு சோகப்பாட்டைப் பாடுகிறார். பார்க்கிற இரண்டு பெண்களும் அழுகிறார்கள். நானும் அழுதேன். திடீரென்று அவர் சரிந்து விழுகிறார். பாட்டு தன்பாட்டில் போகிறது.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷம் கட்டுகிறவர், கொழுந்து நிறுக்கிற இடத்தில் தினமும் பார்க்கிற ஆள். மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டியிருப்பார். கடையில் அவருக்கு எவ்வளவு கடன் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். சிவன் காமனை எரித்ததும், தப்புச் சத்தத்துக்கு நடுவே அவர் புலம்பத் தொடங்குவார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அவருடைய மனைவியும் அழுததைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில்.

நுவரெலியா

காமன் கூத்தை இழுத்தால் நான் என்ன பேசுவது? ரதிக்கு நானும் அழுதவன்தான். தலவாக்கலை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு விருந்துக் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன்; கையைத் தட்டுவது இருக்கிறது, பார்க்கச் சங்கடமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பறியும் அதிகாரி எங்கே போனார் என்பதற்கு இதுவரை ஒருவரும் பதில் எழுதவில்லை.